பீரோவுக்கு மேலே கிடந்த வில்லைகள்

பெயர் என்னவோ கணக்கு டீச்சர். படித்தது தாவரவியல். இலையில் நரம்பு எப்படி ஓடுகிறது, வேர் எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவரைக் கணக்குக்குள் பிடித்துத் தள்ளிய புண்ணியவான் ஒரு தலைமையாசிரியர். கடைசிப் பிரிவுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனதும், "ரெண்டே மாசம் பாத்துக்கங்க டீச்சர், ஆள் வந்துடுவாங்க" என்று இவர் தலையில் கட்டினார். ஆளும் வரவில்லை, சொன்ன தலைமையாசிரியரும் அங்கே இருக்கவில்லை. டீச்சர் மட்டும் தலை நரைக்கிறவரை அந்த வகுப்பிலேயே நின்றார்.

அந்தப் பள்ளியில் மதிப்பெண் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். முதல் பிரிவுக்குக் காற்றோட்டமான மாடி அறை, கணக்கிலேயே பட்டம் வாங்கிய சார். கடைசிப் பிரிவுக்கு சைக்கிள் நிறுத்துகிற இடத்தை ஒட்டிய அறை, செடிகொடி படித்த டீச்சர். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவர், தடுமாறுகிற பிள்ளைக்குத் தானே தடுமாறுகிற ஒருவர். இது என்ன நியாயம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அப்படித்தான் எப்போதும் இருந்தது, அதனால் அது சரியாகவும் ஆகிவிட்டது.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. தினம் சாயங்காலம் அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்க, உரைநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுநாள் கணக்கைப் போட்டுப் பார்ப்பார். விடை வந்துவிட்டால் நிம்மதி. ஏன் வந்தது என்று தெரியாது. உரைநூல் விதிகளைத்தான் சொன்னது, காரணம் சொல்லவில்லை. "மைனசும் மைனசும் பிளஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. டீச்சரும் அதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, கட்டம் கட்டி, பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லவைத்தார். சைக்கிள் பக்கம் போகிறவர்கள்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்.

தனக்குத் தெரியாது என்பது டீச்சருக்குத் தெரியும். அதனால் ஆண்டுதோறும் கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் முதல் ஆளாகப் போய் நிற்பார்.

"சார், இந்தத் தடவையாவது என்னை அனுப்புங்க."

"உங்களுக்கு எதுக்கு டீச்சர்? அது ரிசல்ட் காட்டுற வகுப்புக்கு."

"என் பசங்களுக்கும் அதே பரீட்சைதானே சார்?"

"நீங்க போயிட்டா அதுங்களை யார் மேய்க்கிறது? கூரையைப் பிச்சிடுவாங்க."

தலைமையாசிரியர்கள் மாறினார்கள், இந்தப் பதில் மட்டும் மாறவே இல்லை. முதல் பிரிவு சார்தான் ஒவ்வொரு தடவையும் போனார். அவர் நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. ஆனால் பயிற்சியைக் கல்யாண வீட்டு விருந்து மாதிரி பார்ப்பவர். திரும்பி வந்ததும் டீச்சர் அவரைப் பிடித்துக்கொள்வார்.

"என்ன சார் சொல்லிக் குடுத்தாங்க?"

"பசங்களை விளையாட விடுங்கன்னாங்க. நமக்கு நேரம் எங்க இருக்கு? சாப்பாடு பரவாயில்ல டீச்சர்."

அங்கே கொடுத்த பையை ஆசிரியர் அறைப் பீரோவுக்கு மேலே வீசிவிடுவார். உள்ளே ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை பூசிய பிளாஸ்டிக் வில்லைகள் இருக்கும். பை பையாய் அங்கே குவிந்து தூசி படிந்தது. டீச்சரின் மகள் சின்னவளாய் இருந்தபோது, அம்மாவுக்குக் கூட்டம் முடிகிறவரை அந்த அறையில்தான் காத்திருப்பாள். அழாமல் இருக்கட்டுமே என்று யாராவது ஒரு பையை எடுத்து அவளிடம் கொடுப்பார்கள். அவள் தரையில் உட்கார்ந்து வில்லைகளைக் கோபுரம் அடுக்குவாள். டீச்சர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விடைத்தாள் திருத்தப் போய்விடுவார். கையெட்டும் தூரத்தில் இருந்தது. எதற்கு என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்த மகள் வளர்ந்து அதே பள்ளியில் மேல்வகுப்புக்கு வந்தாள். பிரிவு பிரிக்கிற பரீட்சையின்போது அவளுக்குக் கடுமையான காய்ச்சல். பாதித் தாள் வெறுமையாகப் போனது. கடைசிப் பிரிவில் விழுந்தாள். டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேலே மாற்றியிருப்பார்கள், தலைமையாசிரியரே கேட்கவும் செய்தார். "டீச்சர் பொண்ணுன்னு ஒரு சலுகையும் வேண்டாம் சார். என் வகுப்புலயே இருக்கட்டும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார் டீச்சர். அன்றைக்கு அது பெரிய நேர்மையாகத் தெரிந்தது.

பாப்பா என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். பாப்பாவுக்கு நர்ஸ் ஆக வேண்டும். வேறு ஆசையே கிடையாது. பொம்மைக்கு ஊசி போட்ட காலத்திலிருந்து அதே பேச்சு. மற்ற பாடமெல்லாம் எப்படியோ தேறிவிடுவாள், கணக்கு மட்டும் காலை வாரியது. அதுவும் மைனஸ் வந்துவிட்டால் போதும். −3 − 5 என்று போட்டால் 8 என்று எழுதுவாள், அதையும் அழகாகக் கோடு போட்டு எழுதுவாள். தப்பென்று பேனாவால் அடித்துக் கொடுத்தாலும் மறுபடியும் அதையே எழுதுவாள்.

ஒருநாள் கரும்பலகையில் வந்து போடச் சொன்னார். அவளும் போட்டாள், அதே 8. டீச்சருக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, "மக்கு! உன்னை என் பொண்ணுன்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்கு" என்றார்.

பாப்பா சாக்பீஸை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் கணக்கில் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

இறுதித் தேர்வில் கணக்கில் போய்விட்டது. இன்னொரு முறை எழுதினாள், அதிலும் போய்விட்டது. நர்ஸ் படிப்புக்குக் கணக்கில் தேறியிருக்க வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். பிறகு, நர்ஸாகப் போக வேண்டிய அதே மருத்துவமனையில், படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலைக்குப் போனாள். கல்யாணம் கூடிவந்தது, கூடிய வேகத்தில் கலைந்தும் போனது. அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தாள். அப்பா இல்லாத வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் துணை. யாராவது வந்தால் பாப்பாவின் மாமா மறக்காமல் அந்தப் பழைய நகைச்சுவையை எடுத்துவிடுவார்: "கணக்கு டீச்சர் வீட்டுல கணக்குதான் வராது!" எல்லாரும் சிரிப்பார்கள். எல்லாரையும் முந்திக்கொண்டு பாப்பா சிரிப்பாள். டீச்சர் எழுந்து உள்ளே போய்விடுவார். அது தலையெழுத்து, மூளைக்கு ஏறாததை என்ன செய்ய முடியும் என்று தன்னைத் தேற்றிக்கொள்வார்.

ஓய்வு பெறப்போகிற ஆண்டில், ஆண்டு விடுமுறைக்குப் பள்ளி மூட இன்னும் கொஞ்ச காலமே இருந்தபோது, முதல் பிரிவு சார் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். பயிற்சிக்குப் பள்ளியிலிருந்து ஒருவர் கட்டாயம் போக வேண்டும் என்று மேலிடத்தில் கறார். தலைமையாசிரியர் கையைப் பிசைந்துகொண்டு டீச்சரைக் கூப்பிட்டார்.

"சும்மா போய் உக்காந்துட்டு வாங்க டீச்சர். பேருக்கு ஒரு ஆள் இருந்தா போதும்."

டீச்சருக்கு அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கொஞ்சம் கூடுதல். வீட்டில் சொன்னபோது பாப்பா அம்மாவின் நல்ல புடவையைத் தேய்த்து வைத்தாள். "புதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகுது" என்று கேலி செய்தாள்.

பயிற்சி நடத்தியவள் ஒரு இளம்பெண், பாப்பாவைவிடச் சின்னவள். வந்ததும் பலகையில் −3 − 5 = 8 என்று எழுதினாள். "உங்க வகுப்புல இந்தத் தப்பு வருதா?" என்று கேட்டாள். அறை முழுக்கக் கை தூக்கியது.

"ஏன் வருது?"

கவனக்குறைவு என்றார் ஒருவர். அடிப்படை சரியில்லை என்றார் இன்னொருவர். மக்கு என்ற சொல் டீச்சரின் நுனிநாக்குவரை வந்தது.

"இல்லங்க" என்றாள் அந்தப் பெண் சாதாரணமாக. "மைனசும் மைனசும் பிளஸ்னு சொல்லிக் குடுத்தோம். அது பெருக்கலுக்கு. கூட்டும்போது அப்படி இல்லன்னு நாம சொல்லல, ஏன்னும் சொல்லல. பிள்ளை நாம சொன்னதை அப்படியே செஞ்சிருக்கு. நம்மள ரொம்ப நம்புற பிள்ளைதான் இந்தத் தப்பை விடாம செய்யும்."

மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். டீச்சரின் பேனா நகரவில்லை. பிறகு அந்தப் பெண் பை பையாக வில்லைகளைக் கொடுத்தாள். சிவப்பு மைனஸ், வெள்ளை பிளஸ். ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஒன்றுமில்லை என்று அர்த்தம். மூன்று சிவப்போடு ஐந்து சிவப்பைச் சேர்த்தால் எட்டு சிவப்பு. அவ்வளவுதான், மைனஸ் எட்டு. மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடக் கண்ணில் தெரியும்.

டீச்சர் எழுந்து கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது அடுத்த கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று சிவப்பு இருக்கிறது, அதிலிருந்து ஐந்து சிவப்பை எடுக்க வேண்டும், எப்படி? பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தேநீர் வந்து ஆறியும் போயிற்று, ஒருவருக்கும் வரவில்லை. டீச்சருக்கும் வரவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே செய்து காட்டினாள்.

கடைசி நாள் கையோடு கொண்டுபோக அவருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தார்.

சாயங்காலம் பாப்பா வேலை முடிந்து வந்து, நீலச் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் பையைப் பார்த்ததும் கையை விட்டு அள்ளினாள்.

"ஏய், இது அந்தப் பீரோ மேல இருந்ததுதானே! நான் கோபுரம் கட்டுவேனே."

"ஆமாம்டி. இங்க பாரு, ஒண்ணு காட்டறேன்."

"கணக்கா? ஆளை விடும்மா" என்று சிரித்தாள். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

டீச்சர் சிவப்பு எது, வெள்ளை எது என்று சொன்னார். ஜோடி சேர்ந்தால் ஒன்றுமில்லை என்று சொன்னார். −3 − 5 என்று ஒரு காகிதத்தில் எழுதினார். பாப்பா மூன்று சிவப்பை வைத்தாள், இன்னும் ஐந்தை வைத்தாள், எண்ணாமலே "மைனஸ் எட்டு" என்றாள். இன்னொன்று கேட்டாள். அதையும் போட்டாள். விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

டீச்சர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"மூணு சிவப்பு இருக்கு. அதுலேர்ந்து அஞ்சு சிவப்பை எடு."

"மூணுதானேம்மா இருக்கு?"

பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு வில்லைகளையே பார்த்தாள். அடுப்பில் வைத்த பால் இன்னும் பொங்கவில்லை. "ஜோடின்னா ஒண்ணுமில்லதானே? அப்ப ஒண்ணுமில்லாததைக் கொண்டுவந்து வெச்சா தப்பில்லையே?" என்று தனக்குள்ளேயே பேசிக்கொண்டு, ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையுமாக இரண்டு ஜோடியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இப்போது சிவப்பு ஐந்து இருந்தது. ஐந்தையும் அள்ளி எடுத்தாள். மேசையில் இரண்டு வெள்ளை மிச்சம்.

"பிளஸ் ரெண்டு. சரியா?"

சரிதான். ஒரு அறை நிறைய வாத்தியார்களுக்கு வராதது, படுக்கை விரிப்பு மடித்துவிட்டு வந்த களைப்பில் அவளுக்கு வந்துவிட்டது. டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். இதே மூளைதான் அந்தப் பலகைக்கு முன்னாலும் நின்றது. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பித்தான் அந்த 8-ஐ எழுதியது.

பாப்பா முதலில் சிரித்தாள், ஜெயித்துவிட்ட பிள்ளை மாதிரி. பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது. இரண்டு வெள்ளை வில்லைகளையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதான்டி."

"அப்போ நான் மக்கு இல்லையா?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. குத்திக்காட்டியிருந்தால் டீச்சர் தாங்கிக்கொண்டிருப்பார். வீட்டில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிற குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். முப்பதைத் தாண்டிய பெண் அதைத் தன் அம்மாவிடம் கேட்டாள்.

"இல்லடி" என்றார் டீச்சர். "நீ இல்ல. எனக்குத்தான் தெரியல. தெரியாம உன்னை..." மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் மருத்துவமனைச் சலவைத்தூளின் வாசனை அடித்தது.

பாப்பா கையை உதறவில்லை. பிறகு பால் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து, மேசையிலிருந்த வில்லைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டு, வாயைச் சுருக்குப் போட்டு அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"நாளைக்கு மறக்காம எடுத்துட்டுப் போ. அந்தப் பசங்களுக்காவது சொல்லிக் குடு."

அடுத்த வாரத்தோடு வகுப்புகள் முடிகின்றன என்பதை டீச்சர் சொல்லவில்லை. பாப்பா காலை ஷிப்டுக்குச் சீருடையை ஊறவைக்க உள்ளே போனாள். டீச்சர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவள் வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.