சங்கிலிப்பாண்டிக்குச் சொன்ன மருந்து

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்கில் சுக்குப் புடைக்கும் பெண்களுக்குள் பேச்சியம்மாளுக்குத் தனி மரியாதை. மலையாளம் தெரிந்தவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். விளாத்திகுளத்துப் பக்கமிருந்து வந்த சில வருஷங்களிலேயே, பட்டி என்றால் இங்கே ஊரில்லை, நாய் என்றும், வெள்ளம் என்று கேட்டால் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், தண்ணீர்தான், வாங்கிக் குடிக்கலாம் என்றும் கற்றுத் தேறிவிட்டாள். புதிதாக வருகிறவர்களுக்கு அதை வகுப்பாகவே எடுத்தாள். ஆஸ்பத்திரியோ போலீஸ் ஸ்டேஷனோ, தமிழ்க்காரர் யாருக்குக் காரியம் என்றாலும் பேச்சியம்மாள்தான் முன்னால் நடப்பாள்.

அவள் தம்பி சங்கிலிப்பாண்டி அதே கிடங்கில் சுமட்டு வேலை பார்த்தான். அவன் உழைப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. பகல் முழுக்க மிளகு மூட்டையைச் சுமப்பான். சாயங்காலமானால் சாராயக் கடையில் தானே மூட்டையாகி, இரண்டு பேர் தன்னைச் சுமந்து வரும்படி பார்த்துக்கொள்வான். எண்பத்திரண்டாம் வருஷத்து மழைக்காலத்தில், வள்ளத்துக்கும் கரைக்கும் போட்டிருந்த பலகையிலிருந்து மூட்டையோடு காயலில் விழுந்தான். அவனைத் தூக்கிவிட்டார்கள், மிளகைத் தூக்க முடியவில்லை. முதலாளிக்கு அதில்தான் வருத்தம். குடியை விடாமல் கிடங்குப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்.

ஆலுவா பக்கம் குடியை விடவைக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னார்கள். வாசல் பலகையில் புனரதிவாச கேந்திரம் என்று எழுதியிருப்பதை ஒருவர் படித்துக் காட்டினார். பேச்சியம்மாள் அதை, மறுவாழ்வு இல்லம் என்று தெரியாமல், புனர்பூசம் போல ஏதோ நல்ல நட்சத்திரம் என்று எடுத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

தம்பி அங்கே சில மாதம் இருந்தான். கை நடுக்கம் நின்றது. முகம் தெளிந்தது. கூட்டிப் போக வந்த அன்று டாக்டர் அவளை உட்காரவைத்துச் சொன்னார். நல்ல மனுஷர், புத்தகம் வாசிப்பது போல நிறுத்தி நிதானமாகப் பேசுவார்.

"குடி ஞங்கள் நிறுத்தி. அது பகுதியே ஆயிட்டுள்ளூ. பாக்கிப் பகுதி வீட்டிலாணு. வீட்டில் நல்ல சம்சாரம் வேணம். அதாணு இனி மருந்து."

பாதி வேலை முடிந்தது, மீதி வீட்டில் என்பது பேச்சியம்மாளுக்குச் சுத்தமாக விளங்கியது. மருந்தின் பெயரும் விளங்கியது. சம்சாரம். இதைச் சொல்ல இத்தனை படிப்பா என்று நினைத்தாள். முப்பது தாண்டியும் ஒண்டிக்கட்டையாக இருப்பவன் குடிக்காமல் என்ன செய்வான்?

மருந்து தேடி முடிக்கும்வரை பத்தியம் காக்க வேண்டுமே. பழைய பேச்சு குடியை ஞாபகப்படுத்தும் என்று அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து, வீட்டில் பேச்சை அடைத்தாள். சங்கிலிப்பாண்டியோ, எப்போதுமில்லாத வழக்கமாக, சோற்றைப் பிசைந்துகொண்டே வாயைத் திறந்தான்.

"யக்கா, கடைப் பக்கமா நடக்கயில காலு தானா நிக்கி."

"வேப்பெண்ணெ தேய்ச்சுக்க."

"அதில்லக்கா. அங்க எல்லாரும் வட்டமா உக்காந்து, மனசுல உள்ளதச் சொல்லச் சொல்லுவாக. நானும் ஒண்ணு சொல்லணும்."

"பேசிப் பேசித்தான மாசக்கணக்கா சும்மா உக்காந்து தின்ன. சோறு ஆறுது."

அவன் சோற்றைத் தின்றான்.

பெண் பார்ப்பதில் பேச்சியம்மாள் காட்டிய கவனத்தை மருந்துக் கம்பெனிகள்கூடக் காட்டியிருக்காது. வாயாடி ஒருத்தியைக் கழித்தாள். கேள்வி கேட்ட ஒருத்தியைக் கழித்தாள். கடைசியில் எட்டயபுரம் பக்கம் சந்தனமாரி அகப்பட்டாள். கூப்பிட்டால் தலையசைப்பாள். அவ்வளவுதான். இதைவிடச் சுத்தமான சரக்கு கிடைக்காது என்று கல்யாணத்தை முடித்து, மட்டாஞ்சேரிக்கு அழைத்து வந்த அன்றே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாள்.

"ஏட்டி, அவன் பழசு எடுத்தா எந்திரிச்சிப் போயிரு. அடுப்பப் பாரு, கொடியில துணியப் பாரு. காது குடுத்துறாத."

சந்தனமாரி தலையசைத்தாள்.

மருந்து கொஞ்ச நாள் வேலை செய்தது. அவன் வேலைக்குப் போனான், கூலியை வீட்டில் கொடுத்தான். பேச்சியம்மாள் சுக்குக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, குடிகாரத் தம்பிகளை வைத்திருந்த மற்ற பெண்களுக்கெல்லாம் தாராளமாக யோசனை சொன்னாள். மேட மாதம், நம் சித்திரை, முடியும் சமயத்தில், ஒரு சாயங்காலம், இரண்டு பேர் அவனைச் சுமந்துகொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் குடி நிற்கவில்லை. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கின பிறகுதான் மறுபடி ஆலுவாவுக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"ஞான் பறஞ்ஞது செய்தோ? வீட்டில் சம்சாரம் உண்டாயிருந்நோ?"

"உண்டாயிருந்நு டாக்டரே. நல்ல சம்சாரமாக்கும். வாயே தொறக்காது."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வாய் துறக்காத்த சம்சாரமோ?"

அங்கே டைப் அடிக்கிற பாலக்காட்டு அனந்தலக்ஷ்மி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். சிரிக்கலாமா கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அம்மா, அவர் ஆம்படையாளைச் சொல்லலை. சம்சாரம்னா இங்கே பேச்சு. அவர் மனசு விட்டுப் பேசணும், நீங்க உக்காந்து கேக்கணும், அதுதான் மருந்துன்னு சொல்லியிருக்கார்."

பேசு என்பதற்குச் சுக்குக் கிடங்கில் எல்லாரும் 'பறை' என்றுதான் சொல்வார்கள். சண்டைக்கும் அதுதான், கொஞ்சலுக்கும் அதுதான். சம்சாரம் என்ற சீமான் வீட்டு வார்த்தை அந்தக் கிடங்கு வாசலை மிதித்ததே இல்லை. இதை விளக்கிச் சொல்ல வாயெடுத்த பேச்சியம்மாள், பாதியில் விட்டுவிட்டுத் தம்பியிடம் நடந்தாள்.

உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். "சொல்லுடா" என்றாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். அடுத்த நாளும் உட்கார்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றின பிறகும் உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்லக்கா" என்பதற்கு மேல் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கர்க்கடக மாதத்து ஆடி மழை விடுவதற்குள் சங்கிலிப்பாண்டி போய்விட்டான்.

சந்தனமாரி ஊருக்குத் திரும்பவில்லை. அங்கே அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. மதினிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சுக்குப் புடைத்தாள். அவளை எதற்காகக் கூட்டிவந்தோம் என்பதைப் பேச்சியம்மாள் சொல்லவே இல்லை. புதுப்பெண்களுக்கு வகுப்பெடுப்பதையும் விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம், கஞ்சி குடித்துவிட்டு முறத்தை எடுக்கும்போது, சந்தனமாரி தானாகப் பேசினாள்.

"மதினி, ஒங்க தம்பி எங்கிட்டச் சொல்ல வந்தாக. நாலஞ்சு தரம் வந்தாக. எனக்குக் கேக்கணும்னுதான் இருந்துச்சு."

பேச்சியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "என்ன சொல்ல வந்தான்?"

"தெரியலயே மதினி. நீங்க சொன்னியன்னு எந்திரிச்சிப் போயிட்டனே."