மைக் துளையில் இறுகிய சந்தனம்

என் நோட்டில் ஐப்பசி மூன்றாம் தேதியில் இப்படி எழுதியிருக்கிறது: "அவள் குரல் ஸ்பீக்கரில் வருகிறது. என் குரல் போகவில்லை."

மகளின் பிரசவத்துக்காக மனைவி வெளிநாடு போய் அன்றோடு ஐந்து நாள். என்னிடம் இருப்பது பட்டன் போன். முகம் பார்த்துப் பேச, திருப்புல்லாணிக்கு மேற்கே எங்கள் ஊர் வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான் கதி. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டது நான்; கோளாறு வந்தால் பார்க்க வேண்டியதும் நான்.

நான் தட்டி அனுப்புவதை மகள் வாசித்துக் காட்டினாள். கண்ணாடி போட்டாலும் அவள் அம்மாவுக்குத் திரையில் எழுத்துப் பிடிபடாது. மிளகாய் நாற்று, மழை, பால்காரர் எல்லாவற்றையும் எழுத முடிந்தது. "எப்ப வாரே?" என்பதை மட்டும் எழுத முடியவில்லை. வாசிக்கப் போவது நிறைமாதமாக இருக்கும் மகள். வந்த வாரமே அம்மாவை அப்பா திருப்பிக் கேட்கிறார் என்று அவள் மனம் சுணங்கும்.

ஒலி அமைப்பைத் திறந்தால், மைக் செருகப்படவில்லை என்றே காட்டியது. செருகித்தான் இருந்தேன். ஒலி அளவுகளை ஏற்றிப் பார்த்தேன். லினக்ஸ் தானே எழுதிவைக்கும் கர்னல் பதிவுகளை வரிவரியாகப் படித்தேன். சவுண்ட் கார்டை அது சரியாகவே கண்டுகொண்டிருந்தது. ராமநாதபுரம் போய் வேறு மைக் வாங்கிவந்தேன். பென்டிரைவிலிருந்து லினக்ஸின் பழைய பதிப்பை ஓட்டினேன். அதிலும் அதே பதில். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் இருக்கும் மைக் துளைகளையோ உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது. ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதினேன்.

பிறகுதான் நோட்டைப் பின்னால் புரட்டத் தோன்றியது. மைக் கடைசியாக வேலை செய்தது சரஸ்வதி பூசைக்கு முந்தின நாள்.

பூசையன்று எங்கள் வீட்டில் மண்வெட்டி, மருந்தடிக்கும் மிஷின், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் உண்டு. கடைசியில் டிவி, கம்ப்யூட்டர். இந்த முறை முன்பக்க மைக் துளையின் மேலேயே பொட்டு விழுந்திருந்தது. மறுநாள் மனைவி கிளம்பினாள். அந்தப் பொட்டை நான் துடைக்கவில்லை. அதில் விரல் ரேகை நாலைந்து கோடாகத் தெரியும். விளிம்பு உடைந்துவிடக் கூடாதென்று, நடுவில் மட்டும் குத்திப் பிளக்கை மெதுவாகச் செருகிவந்தேன். உள்ளே போன சந்தனம் இறுகி, பிளக்கை ஓர் அரிசி அளவு வெளியே நிறுத்தியிருந்தது.

ஊக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கச் சும்மா இருந்தேன். சாயங்காலம் சுரண்டினேன். உதிர்ந்த தூளை ஒரு தாளில் மடித்து நோட்டுக்குள் வைத்தேன்.

காலையில் அழைத்தபோது மகள் குளிக்கப் போயிருந்தாள்.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குது. ஏன் இப்பிடிக் கத்துறீங்க?"

"எப்ப வாரே?"

பிள்ளை பிறந்து தலை நிற்கட்டும் என்றாள். நான் விரலை மடக்கி மாதம் எண்ணுவதைக் கேமராவில் பார்த்திருப்பாள். பேச்சை மாற்றி, எப்படிச் சரியானது என்று கேட்டாள். நீ வைத்த சந்தனம்தான் என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"நானா வச்சேன்? நான் டிவிக்கு வச்சேன். கம்ப்யூட்டரு பக்கம் என்னைய விட்ருவீங்களாக்கும்? அது நீங்க வச்சது."

பூசை நாள் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். "பூசை முடிந்தது. மழை இல்லை" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. மடித்துவைத்த தூளிலும் ரேகை இல்லை. பொட்டு யார் விரலால் வைக்கப்பட்டது என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.