பற்றாத நெருப்புக்குச்சி

அன்பான விசுவாசிகளே, சாட்சி சொல்ல என்னை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் இருமல் என்று சொல்லித் தப்பித்தேன். இருமல் எதுவும் இல்லை. என் மகளின் உயிர் தப்பிய கதையைச் சொன்னால், அதே பின்னேரம் இன்னொருவனின் உயிர் போன கதையையும் சொல்ல வேண்டும். அதற்கு வாய் வரவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கல்லடியில், வாவிப் பக்கமாகக் குடியிருக்கும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பம். நான் தச்சன், கூரை வேலைதான் அதிகம். மனைவி இறந்து நான்கு வருடம். மருமகன் கட்டாரில். மகள் ரொசிற்றா எட்டு மாத வயிற்றோடு என்னுடன் இருந்தாள்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருக்கும். வாவிக்கு மேல் கறுத்துத் திரண்டது. லொறி ஒன்று வீட்டுக்குள் வருவது போலச் சத்தம். மகளை இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போனேன். "ஆண்டவரே, வீட்டை எடுத்துக்கொள்ளும். என் பிள்ளையையும் அவளின் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்றும்" என்று கத்தினேன். ஐந்து நிமிடம்கூட இராது. ஹோலின் கூரையும் விறாந்தையின் கூரையும் போய்விட்டன. மினி சூறாவளி என்று பேப்பரில் போட்டார்கள். மினியாம்! என் கையால் கட்டிய கூரை ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் தென்னையில் தொங்கியது.

மழை விடவில்லை. குசினியும் அதை ஒட்டிய அறையும் மட்டும் தப்பியிருந்தன. மகளை அந்த அறையில் படுக்க வைத்து, ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினேன். குசினியில் சுவர் அலுமாரி அடுப்பின் மேல் விழுந்து கிடந்தது. பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். இடி, புயல் என்றால் மந்திரித்த மெழுகுதிரியை மாதா சொரூபத்துக்கு முன்னால் கொளுத்த வேண்டும். சொரூபம் மகள் படுத்த அறையில்தான் இருந்தது. அன்று காற்று அதற்கு நேரம் தரவில்லை. உயிர் தப்பிய நன்றிக்காவது கொளுத்துவோம் என்று நெருப்புப்பெட்டியை எடுத்தேன். முதல் குச்சி பற்றவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதன் மருந்து கரைந்து விரலில் ஒட்டியது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டைத்தான் எடுத்தீர், ஒரு குச்சியாவது தரக்கூடாதா என்று ஆண்டவரையே ஏசினேன்.

"அப்பா, என்னமோ மணக்குது. தலை சுத்துது" என்றாள் மகள்.

வயிற்றில் பிள்ளை வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறும் மணக்கும், சவர்க்காரமும் மணக்கும். எனக்கோ கொரோனாக் காய்ச்சலோடு மூக்கு செத்துப்போயிற்று. "சும்மா படு மகள்" என்று சொல்லிவிட்டு, லைட்டர் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அங்கே யோகமும் அவள் புருஷன் தவராசாவும் இருந்தார்கள். வேலி நின்ற இடத்தில் அவர்களின் குசினிக் கூரைத் தகரம் ஒன்று கிடந்தது. கரண்ட் போஸ்ட்டிலிருந்து அறுந்த வயர் அதன் மேல் கிடந்தது. கண்டேன். எங்கள் வீட்டில் லைட் எரியவில்லை, ஆகவே ஒழுங்கை முழுக்கக் கரண்ட் இல்லை என்று நானே முடிவு கட்டி, சாரத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனேன்.

"புள்ள தனியவா கிடக்கு? நானும் வாறன் அண்ணன்" என்று யோகம் என்னோடு புறப்பட்டாள்.

திரும்பி வந்து, லைட்டரை மெழுகுதிரிக்குக் கிட்டக் கொண்டுபோனேன். பின்னாலே வந்த யோகம் என் கையைத் தட்டிவிட்டாள்.

"கொளுத்தாதீங்க அண்ணன்! காஸ் மணக்குது! உங்களுக்குத் தெரியல்லையா?"

அலுமாரி விழுந்ததில் காஸ் குழாய் அறுந்திருந்தது. யோகம் ஓடிப்போய்ச் சிலிண்டரைப் பூட்டினாள், ஜன்னல்களைத் திறந்தாள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினேன். அவள் வாந்தி எடுத்தாள். யோகம் வந்து நனைந்த மண்ணில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மூன்று குச்சிகளில் ஒன்று பற்றியிருந்தாலும் நாங்கள் இல்லை. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் ஏசியதையும் பொறுத்துக்கொண்டு கேட்டார்.

அப்போதுதான் வேலிப் பக்கம் ஆட்கள் கத்தினார்கள். குசினிக்குள் மழை கொட்டுகிறதே என்று தவராசா அந்தத் தகரத்தைத் தூக்கப் போயிருக்கிறான். வயரில் கரண்ட் இருந்தது. ஆட்கள் அவனை விடுவித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. யோகம் என் மகளின் தலையை மெதுவாக என் கையில் வைத்துவிட்டுத்தான் எழுந்து ஓடினாள்.

ஒரு மாதம் கழித்துப் பேத்தி பிறந்தாள். சுகமாக இருக்கிறாள். தினமும் நன்றி சொல்கிறேன்.

காற்று அடித்து ஓய்ந்ததும் கூரைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் உடனே ஏணி வைப்பதில்லை. மெயின் சுவிட்சை நிறுத்தினீர்களா, காஸைப் பூட்டினீர்களா, மூக்கு நல்ல ஒருவர் வாசலில் நின்று மணந்து பார்த்தாரா என்று கேட்பேன். விழுந்த வயரில் கரண்ட் இல்லை என்று யார் சத்தியம் பண்ணினாலும், கரண்ட் ஆட்கள் வரும்வரை கிட்டப் போகவிட மாட்டேன். மெழுகுதிரியை நாளைக்குக் கொளுத்தலாம், இன்றைக்கு இருட்டில் ஜெபியுங்கள் என்பேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் யோகத்தின் முகத்தைப் பார்க்க எனக்கு இத்தனை நாளும் துணிவு வரவில்லை. போன ஞாயிறுதான் பூசை முடிந்து நேரே அவளிடம் போனேன். கோழிகளுக்குக் குறுணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அந்த வயர நான் கண்டனான். உங்கட ஆளுக்குச் சொல்லாம வந்திட்டன்" என்றேன்.

கையில் மிச்சமிருந்த குறுணியை அவள் ஒரேயடியாகக் கொட்டினாள்.

"நானும் கண்டனான் அண்ணன்" என்றாள். "புள்ளயப் பாத்திட்டு, மறுகா வந்து சொல்லுவம் எண்டு நினைச்சன்."

இரண்டு பேரும் அழுதோம்.

அன்பானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். அவர் கேட்கிறார், என் மகளும் பேத்தியும் அதற்குச் சாட்சி. யோகத்துக்காக என்னோடு சேர்ந்து ஜெபியுங்கள். ஆபத்தைக் கண்டால், கண்ட இடத்திலேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.