நோர்மாவுக்காக அறுத்த கட்டை

இங்கிலாந்தின் ஓல்ட் ஹில்லில் டெஸ்மண்ட் ரேபோல்ட் வீட்டுப் பின்னறையில் முப்பத்தெட்டு காற்றுத் துப்பாக்கிகள் இருக்கின்றன. எல்லாமே அவரை விட வயதானவை, அவரை விட நல்ல நிலையில் இருப்பவை. அவருக்கு முழங்கால் இரண்டும் மாற்றியாகிவிட்டது, இடது காது பேருக்குத்தான் இருக்கிறது. ஆனால் 1912-இல் செய்த துப்பாக்கியைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் துடைத்துக் கொழுப்புத் தடவி, பிஸ்டனுக்குப் புதுத் தோல் வாஷர் வெட்டிப் போட்டுவிட்டால் அது இளவட்டம் மாதிரி உதைக்கும். அந்தத் தோலைக்கூட அவர் கடையில் வாங்க மாட்டார். பழைய பட்டாளத்து பெல்ட்டில் வட்டமாக வெட்டி, இரண்டு நாள் எண்ணெயில் ஊறப்போட்டு, விரலால் அமுக்கிப் பார்த்து, "ம்" என்று தமக்கே சொல்லிக்கொண்ட பிறகுதான் உள்ளே போகும். சுற்றுவட்டாரத்தில் எவன் துப்பாக்கி சோர்ந்து போனாலும் டெஸ் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான்.

இத்தனை இருந்தும் அவருக்கு வேண்டியது முப்பத்தொன்பதாவது ஒன்று. அரிய சரக்கெல்லாம் இல்லை. பர்மிங்காம் தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய சின்ன ரகம். பெண்களும் கை நீளாத பிள்ளைகளும் சுடுவதற்கானது. சேகரிக்கிறவன் எவனும் அதை இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டான். அவர் மட்டும் ஆறு வருடமாக அதைத் தேடினார். அது அவர் மனைவி நோர்மாவின் துப்பாக்கி. அதைக் கை தவறவிட்டது அவர்தான்.

நோர்மா ஐந்தடிக்கு ஓர் இஞ்சு குறைவு. 1966-இல் செயின்மேக்கர்ஸ் என்ற பப்பின் பெண்கள் துப்பாக்கி சுடும் அணியில் அவளைச் சேர்த்தார்கள். ஆறு கஜ தூரத்தில் இரும்புத் தகடு, நடுவில் பட்டாணி நுழையும் அளவுக்கு ஓட்டை. குண்டு ஓட்டைக்குள் போனால் பின்னால் மணி அடிக்கும். போகாவிட்டால் தகட்டில் பூசிய வெள்ளைச் சாந்தில் கறுப்புப் புள்ளி விழுந்து ஊர் முழுக்கக் காட்டிக் கொடுக்கும். முதல் வாரம் நோர்மா சுட்ட ஏழு குண்டும் புள்ளிதான். அவளுடையது சின்ன ரகம்தான், அதுவே அவள் கைக்கு நீளம். கன்னம் வைக்க வேண்டிய இடத்தில் தாடை போய் உட்கார்ந்தது. மதுக்கூடத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டெஸ், யாரையும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு போய், தோளில் பதிகிற மரக்கட்டையின் பின்புறத்தை ரம்பத்தால் அறுத்து, வழவழவென்று தேய்த்து, அடுத்த புதன்கிழமை கொண்டு வந்து கொடுத்தார். மற்றவன் பூ வாங்கிக் கொடுப்பான். டெஸ்ஸுக்குத் தெரிந்தது இதுதான். அந்த வருட அரையிறுதியில் நோர்மா ஏழுக்கு ஏழும் மணியடித்தாள். அடுத்த வருடம் கல்யாணம்.

1972-இல்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். அதற்குள் சேகரிக்கிற பைத்தியம் தலைக்கு ஏறியிருந்தது. டட்லியில் ஒருவனிடம் முதல் உலகப் போருக்கு முந்தைய நீளத் துப்பாக்கி ஒன்று இருந்தது, பட்டாள மாதிரி. அவன் தன் மகளுக்குச் சின்ன ரகம் ஒன்று கேட்டான். டெஸ் தன்னுடையதில் ஒன்றையும் நோர்மாவுடையதையும் சேர்த்துக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். வேலை விட்டு வந்த நோர்மா சுவரில் வெறும் கொக்கியைப் பார்த்தாள்.

"என்னோடது எங்க, டெஸ்?"

"மாத்திட்டேன். இதப் பாரேன், பட்டாளத்துக்குன்னே செஞ்சது. வாழ்நாள்ல இன்னொண்ணு கண்ணால பாக்க முடியாது."

"அதுக்கு என்னோடதயா குடுத்த?"

"உன்னோடது எங்க வேணாலும் கெடைக்கும் நோர்மா. அடுத்த மாசமே ஒண்ணு பாத்து அறுத்துத் தரேன்."

"ஓ" என்றாள்.

அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. நோர்மா இரண்டு வருடம் பப்பின் பொதுத் துப்பாக்கியில் சுட்டாள். மணி அபூர்வமாகத்தான் அடித்தது. பிறகு கண் மங்குகிறது என்று சொல்லி நின்றுவிட்டாள். கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறவளுக்குக் கண் மங்குமா என்று கேட்க டெஸ்ஸுக்குத் தோன்றவில்லை. அவர் சந்தைக்குக் கிளம்பும்போது மட்டும் எப்போதாவது வாசலில் நின்று, "என்னோடது கண்ணுல பட்டா விட்டுறாத" என்பாள். "அது நெத்தியில உன் பேரா எழுதியிருக்கும்?" என்று அவர் சிரித்துக்கொண்டே போவார். பிறர் துப்பாக்கியைப் பற்றிப் பேசச் சொன்னால் மணிக்கணக்கில் பேசுகிற மனுஷன்!

நோர்மா போய்ச் சேர்ந்த பிறகு பொத்தான் டப்பாவுக்கு அடியில் ஓர் அட்டை கிடைத்தது. பெண்கள் லீக், 1968. யாரும் யாருடையதையும் மாற்றிச் சுடாமல் இருக்க லீக் காரியதரிசி ஒவ்வொருவர் துப்பாக்கியின் நம்பரையும் குறித்துவைக்கிற அட்டை. நோர்மா ரேபோல்ட், செயின்மேக்கர்ஸ், எல் 14837. டெஸ் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அதைக் கையிலேயே வைத்திருந்தார். நம்பர் வீட்டிலேயே இருந்திருக்கிறது, அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டிருப்பார். அவளுடைய கன்னம் பட்ட அந்தக் கட்டையை ஒரே ஒரு தடவை தன் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அதே கொக்கியில் திரும்ப மாட்ட வேண்டும். அவருக்கு மிச்சமிருந்த ஆசை அவ்வளவுதான்.

போன அக்டோபரில் கிடர்மின்ஸ்டர் பக்கம் ஒரு ஹாலில் சந்தை. முழங்கால் காரணமாக இப்போதெல்லாம் அவரை அழைத்துப்போவது மால்கம் பெர்ரி. பழைய துப்பாக்கி வாங்கி விற்கிறவர், நாற்பது வருடப் பழக்கம். வேல்ஸ்காரர் ஒருவரின் மேசைக்கு அடியில் சின்ன ரகம் ஒன்று கிடந்தது. டெஸ் வழக்கம்போல் குனிந்து, திருப்பி, கண்ணாடியை ஏற்றி நம்பரைப் பார்த்தார். பிறகு நிமிரவில்லை.

"பெரியவரே, அது சாதா சரக்கு. மேல நல்லதா ரெண்டு இருக்கு பாருங்க" என்றார் வேல்ஸ்காரர்.

"இது போதும்."

"யோவ் டெஸ், என்னாச்சு? இதெல்லாம் வாங்காதீங்கடான்னு ஊருக்கே புத்தி சொல்றவன் நீ" என்றார் மால்கம்.

"நம்பரப் படி மால்கம். என் கண்ணு சரியில்ல, நீ படி."

மால்கம் படித்தார். அந்த நம்பர் சந்தைக்கு வருகிற எல்லோருக்கும் மனப்பாடம். ஆறு வருடமாக டெஸ் சொல்லிச் சொல்லி ஓய்ந்த நம்பர். மால்கம் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அழுவாத கெழவா. துருப் பிடிச்சிரப் போவுது."

ஆனால் கட்டை அவளுடையது இல்லை. உலோகம் மட்டும் அதே உலோகம். பின்னால் இருந்தது அறுக்காத முழுக் கட்டை. டெஸ் காரில் வழி நெடுக கட்டையை மாற்றியவனைத் திட்டிக்கொண்டு வந்தார்.

"எந்த மடையனோ அவ கட்டயக் கழட்டிட்டு வேற போட்டிருக்கான். கொஞ்சமாவது அறிவு வேணாம்?"

"மடையன்னு சொல்லாதப்பா. கைகாரன்யா. மரமும் இரும்பும் முடி நுழைய எடம் இல்லாம ஒட்டிக்கிட்டு நிக்குது பாரு. உன்னாலயே இதுக்கு மேல முடியாது" என்றார் மால்கம்.

"வேல தெரிஞ்ச மடையன் இன்னும் மோசம்."

மறுநாள் காலையில் டெஸ் பட்டறையில் அதைக் கழற்றினார். பழுது பார்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கியைப் பிரித்தவன், திரும்பப் பூட்டும் முன், விசைப் பெட்டியின் உள்பக்கத்தில் யாரும் பார்க்காத இடத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் மாதத்தையும் ஊசியால் கீறிவைப்பான். அடுத்துப் பிரிக்கிறவன் மட்டும் பார்ப்பான். அந்த மடையன் யார் என்று பார்ப்பதற்காகவே டெஸ் பெட்டியைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார்.

டி. ஆர். 3/94.

அவர் அதை மூன்று தடவை துடைத்தார். துடைக்கத் துடைக்கத் தெளிவாகத்தான் தெரிந்தது. அவருடைய 'ஆர்' எப்போதும் ஒரு காலை நீட்டிக்கொண்டு நிற்கும்.

1994 மார்ச்சில் மால்கம், விற்பதற்குமுன் செப்பம் பண்ணித் தரச் சொல்லி, ஒரே தவணையில் இருபத்திரண்டு துப்பாக்கிகளைக் கொண்டு வந்து இறக்கியிருந்தார். அவற்றில் சிலவற்றின் கட்டையை யாரோ கறுப்பு பெயின்ட் அடித்து நாசம் பண்ணியிருந்தார்கள். அறுத்த கட்டையும் சில இருந்தன. அந்தக் காலத்தில் எல்லாப் பப்பிலும் பெண்களுக்காக அறுப்பது வழக்கம். சேகரிக்கிறவர்களுக்கு அறுத்த கட்டை ஆகாது. அறுத்தது அடுப்புக்கு என்பது டெஸ்ஸே சொல்லிச் சொல்லி ஊரில் பரவிய வசனம். அந்தக் கட்டைகளைக் கழற்றி, மேலே தொங்கிய பழைய முழுக் கட்டைகளைப் பொருத்திவிட்டு, கழற்றியதையெல்லாம் பட்டறை அடுப்பில்தான் போட்டார். அந்த மார்ச் குளிர் அதிகம்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனாவது வெண்ணெயை எரித்ததில்லை.

நான்கு நாள் அவர் பட்டறைப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள், இருக்கிற கட்டையையே நோர்மாவின் அளவுக்கு அறுத்துவிடுவது என்று முடிவு செய்தார். முப்பது வருடம் ஊருக்குச் சொன்ன புத்தியைத் தானே மீறுவது பற்றி அவருக்குக் கவலை இல்லை. கவலை அளவைப் பற்றித்தான். ஒன்றரை இஞ்சு அறுத்தோமா, இரண்டா என்பது மறந்துவிட்டது. அது தெரிந்தவள் ஒருத்திதான் உயிரோடு இருந்தாள். ஜாய்ஸ் ஹிங்லி, அந்தக் காலத்துப் பெண்கள் அணித் தலைவி, நோர்மாவின் சிநேகிதி. எண்பத்திரண்டு வயது, முதியோர் குடியிருப்பில் தரைத்தளத்தில் தனியாக இருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் துப்பாக்கியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

"என்ன டெஸ், என்னச் சுட்டுத் தள்ள வந்தியா? கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம், வாடகை மிஞ்சியிருக்கும்" என்றாள் ஜாய்ஸ்.

அவர் உறையைத் திறந்து துப்பாக்கியை மடியில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார்: சந்தை, நம்பர், கீறல், அடுப்பு. ஜாய்ஸ் தட்டில் எடுத்து வைத்த பன்றிக்கறி அப்பத்தை இருவரும் தொடவில்லை.

"எவ்வளவு அறுத்தேன் ஜாய்ஸ்? ஒன்றரையா, ரெண்டா?"

ஜாய்ஸ் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது உன் பட்டறையில இருந்தது எனக்குத் தெரியும்" என்றாள் பிறகு.

"எது?"

"தொண்ணூத்தி நாலுல. நோர்மா வந்து சொன்னா. நீ வீட்டுல இல்லாதப்ப உள்ள போயிருக்கா. சும்மா ஒண்ண எடுத்துத் தோள்ல வச்சிருக்கா. வச்ச ஒடனே தெரிஞ்சு போச்சாம். பெயின்ட் என்ன அடிச்சா என்ன, கன்னத்துக்குத் தெரியாதான்னா."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஏன் சொல்லுவா? அந்த மார்ச் இருபத்தி மூணாந் தேதி அவளுக்கு அம்பது முடியுது. நீ தேடிக் கண்டுபிடிச்சு, மத்த துப்பாக்கிக்கு நடுவுல ஒளிச்சு வச்சு, அவளுக்குத் தெரியாமச் செப்பம் பண்றேன்னு நெனச்சா. 'அந்த மனுஷன் மறக்கல ஜாய்ஸ், பாத்தியா'ன்னு எங்கிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சு போனா. நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வேற."

டெஸ் மடியிலிருந்த துப்பாக்கியைத் திருப்பி வைத்தார்.

"பொறந்த நாள் அன்னிக்கு முடியெல்லாம் செட் பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தா. நீ என்ன குடுத்த, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. மின்சாரக் கம்பளி. நல்ல சூடாக இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தார். அவளும், ரொம்ப நல்லா இருக்கு டெஸ் என்று சொன்னாள்.

"அடுத்த வாரம் வந்து, 'போயிருச்சு ஜாய்ஸ், மேசையே காலி'ன்னா. அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பேச்ச எடுக்கவே இல்ல." ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தன வருஷம் நானும் சொல்லல. சொல்லாமலே போயிருக்கணும் நான்."

"மேசையில எத்தன நாள் இருந்துச்சுன்னு சொன்னாளா?"

"பதினோரு நாள்னா. எண்ணியிருக்கா."

பதினோரு நாள். அந்த மார்ச்சில் நோர்மா தினமும் பட்டறைக்கே டீ கொண்டு வந்து கொடுத்தது டெஸ்ஸுக்கு நினைவு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவள் அங்கே டீ கொண்டு வந்ததில்லை. டீ வேண்டுமென்றால் அவர்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அவர் தலை நிமிராமல், "அங்க வை, எண்ணெய் பட்டுறாம" என்பார். அவள் கப்பை மேசை ஓரத்தில் வைப்பாள். வைத்துவிட்டு உடனே போக மாட்டாள், கொஞ்ச நேரம் நிற்பாள். கப்பைத் திரும்ப எடுத்துப்போகத்தான் நிற்கிறாள் என்று நினைத்து அவர் டீயை அவசர அவசரமாகக் குடித்துவிட்டுக் கொடுத்தார்.