சீரியஸ் ரூம் சுந்தரபாய்

சங்கரன்கோவிலில் ஊசி போடத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. சுந்தரபாய் போட்டால் பிள்ளை அழாது. கரிவலம்வந்தநல்லூர்வரை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். தகப்பனார் யோவான் மூட்டை தூக்கியவர். சிபாரிசு பிடிக்க ஒரு நாதியில்லை. இருந்தும் நர்ஸ் படிப்பை முடித்து வந்து நின்றாள். ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, உயிருக்குப் போராடுகிறவர்களுக்கென்று ‘சீரியஸ் ரூம்’ திறந்தபோது அவளைத்தான் கூப்பிட்டார்கள். சும்மா கூப்பிடுவார்களா?

எழுபத்தொன்பதாம் வருசம் அந்த அறைக்கு மூக்காண்டி வந்தார். சிவகிரி பஸ்ஸில் கண்டக்டர். குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன். அது நல்லபடியாக முடிந்தது, பிறகுதான் வினை. டிரிப் குழாயைப் பிடுங்கினார். கூரையில் யாரோ தொங்குவதாகக் கத்தினார். பெண்டாட்டியைப் பார்த்து, “ஏட்டி, டிக்கெட் எடுத்தியா?” என்று அதட்டினார்.

முப்பிடாதியம்மாள், அவர் பெண்டாட்டி, கோயிலுக்கு ஓடினாள். கோமதியம்மன் புற்றுமண்ணைக் குழைத்து வந்து அவர் நெற்றியில் பூசினாள். மறுநாள் காலையில் மனுசர் சுந்தரபாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மத்தியானம் கத்தலெல்லாம் அடங்கி அமைதியாகிவிட்டார். எதைக் கேட்டாலும், “ஆமா, ஆமா.”

சொந்தக்காரர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மைத்துனன் துரைப்பாண்டி வீட்டுக்குக் கூட்டிப்போக வண்டிக்கே சொல்லிவிட்டான்.

சுந்தரபாய் மட்டும் கட்டிலருகே வந்து அவரை உற்றுப் பார்த்தாள். கத்தினபோதுகூட அவள் பயப்படவில்லை. இப்போது கண் திறந்திருக்கிறது, யாரையும் பார்க்கவில்லை. விரல்கள் போர்வையில் எதையோ பொறுக்கிக்கொண்டே இருக்கின்றன. இந்த நிலையில் வீட்டுக்குப் போனால் ஆள் தங்கமாட்டார்.

வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் அம்மன் மண்ணைக் குறை சொன்னாள் என்று பேச்சு வந்தால், அந்த நிமிசமே அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வெந்நீரில் துணி நனைத்து மூக்காண்டியின் முகத்தைத் துடைத்தாள். நெற்றி மண்ணில் ஈரம் படாமல், அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். முப்பிடாதியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அண்ணாச்சி, ஒங்க பஸ்ஸு எங்கெங்க நிக்கும்?”

“சங்கரன்கோயில், கரிவலம், ராயகிரி, சிவகிரி.” மூச்சுவிடாமல் வந்தது.

துரைப்பாண்டி சிரித்தான். “பாத்தியளா? மச்சான் தெளிவாத்தான் இருக்காரு.”

“இத அவுக தூக்கத்துலயும் சொல்லுவாக,” என்றாள் சுந்தரபாய். “அண்ணாச்சி, இப்ப சிவகிரியிலருந்து திரும்பி வாங்க.”

“சிவகிரி...” மூக்காண்டி யோசித்தார். “ஆமா. சிவகிரி... சிவகிரி...” விரல்கள் மறுபடி போர்வைக்குப் போயின. கண்ணோரம் நனைந்தது.

துரைப்பாண்டியின் சிரிப்பு நின்றது. “அய்யோ, அவுக வழி தெரியாம நிக்காகளே!” என்றாள் முப்பிடாதியம்மாள்.

“கிறுக்கும் இல்ல, பேயும் இல்ல மதினி. ஒடம்புக்குள்ள இருக்க ஏதோ ஒண்ணு புத்தியக் கலைக்குது. வந்து வந்து போகுது. இந்த அமைதியப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. அம்மன் மண்ணு நெத்தியிலயே இருக்கட்டும். ஆளையும் இங்கனயே விடுங்க.”

“வண்டிக்குச் சொல்லியாச்சே அக்கா,” என்றான் துரைப்பாண்டி.

“அப்ப நீயே ஏறிப் போலே!” என்று முப்பிடாதியம்மாள் அதட்டினாள்.

டாக்டர் தேவசுந்தரம் வந்தார். சுந்தரபாய் சொன்னதைக் கேட்டதும் வயிற்றை அழுத்திப் பார்த்தார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. அன்றே திறந்து வடித்தார்கள்.

அதன்பிறகு சுந்தரபாய் ஜன்னலைச் சாத்தவிடவில்லை. பகல் எது, இரவு எது என்று மூக்காண்டிக்குத் தெரியவேண்டும். ஒவ்வொரு தடவை மருந்து கொடுக்கும்போதும் ஊரையும் கிழமையையும் தன் பேரையும் சொன்னாள். “வேற யாரு கையும் வேண்டாம் மதினி, நீங்க பிடிச்சுக்கிடுங்க,” என்று அவர் கையை எடுத்து முப்பிடாதியம்மாள் கையில் வைத்தாள். டிரிப் குழாயைப் பிடுங்கின கையைக் கட்டிப்போடச் சொன்னவர்களும் உண்டு. அவள் கட்டவில்லை.

ஒருநாள் காலையில் முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே மூக்காண்டி வாய் திறந்தார்.

“சிவகிரி. ராயகிரி. கரிவலம்.” நிறுத்திப் பெண்டாட்டியைத் தேடினார். கண்ணில் பழைய குறும்பு இருந்தது. “சங்கரன்கோயில் வந்தாச்சுட்டி. இன்னும் எதுக்குக் கையப் பிடிச்சிருக்க?”

முப்பிடாதியம்மாள் விடவில்லை. சுந்தரபாய் துணியைப் பிழிந்துவிட்டு, நெற்றி மண்ணைச் சுற்றித் துடைத்து முடித்தாள்.