எழுந்திருக்கட்டும் என்றார் மாமா

எங்கள் மாமாவின் வில்லுக்கு ஊரில் பயந்தது பப்பாளி மரம் ஒன்றுதான்.

அம்மாவின் தம்பி அவர். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. வேலை ஓய்ந்தால் இறங்கி வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் இருப்பார். அப்படி ஒரு தடவை வந்தபோது தோளில் ஒரு மூங்கில் வில், லாரிப் பட்டை இரும்பில் அடித்த முனை வைத்த நாலு அம்பு. மலையில் கூட வேலை பார்த்தவரிடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். நாற்பது அடி தள்ளி நின்று பப்பாளிக் காயைக் காம்போடு அறுத்துத் தள்ளுவார். எனக்கு வாயெல்லாம் பல்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "மாப்ள, பப்பாளிக்குக் கால் கிடையாது. அது பாட்டுக்குத் தொங்குது. கால் உள்ளதா ஒண்ண அடிங்க, பாப்போம்" என்பார்.

"வரட்டும் மச்சான்" என்று மாமா சிரிப்பார்.

வந்தது. மேகமலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். அந்த வருடம் மக்காச்சோளம் போட்டிருந்தோம். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துப் பன்றியும் மிளாவும் இறங்கின. மிளா என்றால் சாதாரண மான் இல்லை. எங்கள் பசுவைவிட அரை முழம் உயரம். காலையில் போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாகத் தட்டை ஒடிந்து கிடக்கும். அப்பாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். சாப்பிடமாட்டார். அந்த வாரம் மூன்று நாள் வெறும் காபியில் ஓட்டினார்.

எனக்குப் பத்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுள்ளி பொறுக்க ஓடைப் பக்கம் போனேன். நாணல் புதருக்கு நடுவில் அது படுத்திருந்தது. நல்ல கொம்பு வைத்த கடா. காலை மடக்கி, மாட்டுக்கொட்டத்தில் கிடக்கிற மாதிரி கிடந்தது. காது மட்டும் திரும்பித் திரும்பி ஈயை விரட்டியது.

அப்பாவிடம் சொல்லவில்லை. நேராக மாமாவிடம் ஓடினேன். மாமா அதை அடிக்க வேண்டும், பெரியப்பா வாயை மூட வேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மாமா புழுதியை ஒரு பிடி அள்ளி விட்டுக் காற்று பார்த்தார். எங்கள் வாடை மிளாவுக்குப் போகாத பக்கமாக என்னை இழுத்துக்கொண்டு தவழ்ந்தார். இருபது அடி. பப்பாளி தூரத்தில் பாதி. அம்பைத் தொடுத்து நாணை இழுத்தார். அப்புறம் மெதுவாகத் தளர்த்திவிட்டார்.

"அடிங்க மாமா."

"படுத்துக் கிடக்கிறத அடிக்கக் கூடாது தாயி. முன்னங்கால வச்சு நெஞ்ச மறைச்சிருக்கு பாரு. அம்பு எலும்புல குத்தி நின்னுக்கிரும். அதச் சுமந்துக்கிட்டே நாலு நாள் அலைஞ்சு சாகும். எந்திரிக்கட்டும்."

"எந்திரிச்சா ஓடிருமே?"

"ஓடட்டுமே. ஓடுறதுக்கு அதுக்கு ஒரு வழி குடுத்துட்டுத்தான் அடிக்கணும்னு வில்லு கத்துக்குடுத்தவுக சொன்னாக."

காத்திருந்தோம். எறும்பு கடித்தது. அசையக் கூடாது என்று மாமா என் கையை அழுத்திப் பிடித்திருந்தார். மிளா எழுந்திருக்கவில்லை. மாமா ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து அதன் பக்கத்தில் போட்டார். அது தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. பெரிய கண். அப்போதும் ஓடவில்லை. பின்பக்கத்தை மட்டும் அரையடி தூக்கியது, திரும்ப உட்கார்ந்துகொண்டது. வயிறு முட்டத் தின்ற சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அதைச் சுற்றி வட்டமாகப் புல் பூண்டு இல்லாமல் தரை வழித்துக் கிடந்தது. நாய் படுக்கிறதுக்கு முன்னால் சுற்றிச் சுற்றி வருமே, அப்படி இதுவும் இடத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டது போலிருக்கிறது என்று மாமாவிடம் சொன்னேன்.

மாமா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் முன்னால் தவழ்ந்து போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. மறுபடியும் நாணை இழுத்தார். தளர்த்தினார். இன்னொரு தடவை காது வரைக்கும் இழுத்துப் பிடித்தார், வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது, அதற்கும் விடவில்லை. அம்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போவோம் தாயி. கேட்டா ஓடிருச்சுன்னு சொல்லு. வெயில் சாயிற வரைக்கும் வேற ஒண்ணும் வாயத் தெறக்காத."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா மோட்டார் அறைக்குள் போய் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் கட்டிங் பிளேயரும் இன்னொரு கையில் சாக்கும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தோற்றுப்போனவர் வீட்டுக்கு வர வெட்கப்பட்டு வேலை தேடிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களை வில்லோடு பார்த்த யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்கத்தா ஓன் வில்லாளி?" என்றார் பெரியப்பா.

"மிளா ஓடிருச்சு பெரியப்பா."

"மிளா ஓடுச்சா, மாப்ள ஓடுனாகளா? சரியாச் சொல்லு."

அப்பாகூடச் சிரித்துவிட்டார். மூன்று நாளாகச் சிரிக்காதவர். எனக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணும் ஓடலை! அங்கனயேதான் படுத்துருக்கு. மண்ணாங்கட்டி போட்டாக்கூட எந்திரிக்க மாட்டேங்குது. மாமா நெனச்சா அடிச்சிருப்பாக. படுத்ததை அடிக்கக் கூடாதுன்னு விட்டுட்டாக" என்று கத்தினேன். மாமாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு நினைப்பு.

சிரிப்பு நின்றது. பெரியவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா எழுந்து கோடாலியை எடுத்தார். "மாமன் எங்க?" என்று மட்டும் கேட்டார். மோட்டார் அறையைக் காட்டினேன். அவர்கள் அதைத் தாண்டி ஓடைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

கல்யாணமாகி எனக்கே பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா ஒருநாள் மிச்சத்தைச் சொன்னாள். அப்பா பன்றிக்கென்று நாணல் ஓரத்தில் சுருக்குக் கம்பி வைத்திருந்தார். அதில் மிளாவின் பின்னங்கால் மாட்டிவிட்டது. இழுத்து இழுத்துக் கம்பி எலும்பு வரை இறங்கியிருந்தது. கம்பி எட்டுகிற தூரத்துக்குச் சுற்றிச் சுற்றி வந்ததில் விழுந்ததுதான் அந்த வட்டம். மோட்டாருக்கு என்று சொல்லி அந்தக் கம்பியைத் தேனியிலிருந்து மாமாவையே வாங்கிவரச் சொல்லியிருக்கிறார் அப்பா. மாமா சாக்கைப் போட்டு அதன் கண்ணை மூடி, இரண்டு புரி அறுத்திருக்கிறார். இன்னும் ஒரு புரி பாக்கி. அதற்குள் அப்பாவும் பெரியப்பாவும் வந்து நின்றுவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சாயங்காலமே கதவைச் சாத்திவிட்டு அம்மா மிளகு அரைத்தாள் என்பதுதான். வனத்துறை ரேஞ்சர் காதுக்குப் போகக் கூடாது என்று பக்கத்து வீடுகளுக்கும் தூக்குவாளியில் கறி போனது. அப்பா மூன்று நாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டார். மாமா கொல்லையில் துவைகல் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை தோளில் கிழிந்திருந்தது. உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தார்.

அம்மா என்னிடம் தட்டைக் கொடுத்து, "போயி மாமனுக்குக் குடு. நீ குடுத்தா வாங்கிக்கிருவான்" என்றாள்.

நீட்டினேன். வாங்கவில்லை. தட்டை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீயும் சாப்பிட்டியா தாயி?"

"ரெண்டு தடவை வாங்கினேன் மாமா" என்றேன்.

துணி சுற்றாத கையை என் தலையில் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போனவர்தான். நான் சடங்கானபோது தாய்மாமன் சீர்கூட ஆள் மூலம்தான் வந்தது.

பிள்ளை பசியாறிவிட்டாளா என்று கேட்கிறார், அதனால்தான் கண் கலங்குகிறார் என்றுதான் அன்றைக்கு அந்தக் கை தலையில் இருந்தபோது நினைத்தேன். அவர் சந்தோஷப்படட்டும் என்று, ஈரல் துண்டு எனக்குத்தான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.