ஆற்றைக் கடக்காத மாப்பிள்ளை

போன வாரம் என் மகள் ஆற்றங்கரையிலிருக்கும் பாசிர் பெனாம்பாங்கில் மீன் சாப்பிட அழைத்துப் போனாள். கடைச் சுவரில், பாலம் வருமுன் ஆற்றைக் கடக்க ஓடிய பழைய ஃபெரியின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். "சோ நைஸ் லா! நீங்க இதுல போயிருக்கீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தாள். நான் கையிலிருந்த இறாலைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இந்த வயதில் ஒரு படத்தைப் பார்த்து எரிச்சல்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உங்களுக்கு அந்த ஃபெரியைத் தெரிந்திருக்காது. பெரிய இரும்புத் தட்டு போல இருக்கும். லோரி, கார், சைக்கிள், கோழிக்கூடை எல்லாம் ஏறும். அக்கரையில் சபாக்கிலிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதன் சங்கிலியைத் தொட்டு, புதுப் பாவாடையில் கிரீஸ் அப்பிக்கொண்டு, அம்மாவிடம் அடி வாங்குவேன். கடல் உள்வாங்கி வற்றினால் ஆற்றிலும் தண்ணீர் இறங்கிவிடும், கரையெல்லாம் சேறாகும், ஃபெரி நகராது. நாங்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் என் அக்கா பாக்கியத்தின் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது பஞ்சாங்கத்தைப் பார்த்தார்கள், ஜாதகத்தைப் பார்த்தார்கள். ஆற்றை யாரும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை சபாக் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதும் வேலை. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்ணுக்குக் கிராணி மாப்பிள்ளை என்றால் சும்மாவா? அப்பா தரையில் நடக்கவில்லை. அக்கா கூறைப்புடவை கட்டித் தோட்டத்துக் கோயிலில் காத்திருந்தாள். நாங்கள் ஆரத்தித் தட்டும் மேளமுமாக ஆற்றங்கரைக்குப் போனோம். அக்கரையில் அவர்களுடைய லோரி நின்றது. மாப்பிள்ளை கழுத்து மாலைகூடத் தெரிந்தது. ஃபெரி ஓட்டிய மலாய்ப் பெரியவர், எங்கள் பாக்சிக், சேற்றைக் காட்டிக் கையை விரித்துவிட்டார்.

முகூர்த்தம் நெருங்கியது. அப்பா ஒரு மீன்காரரின் சின்னச் சம்பான் படகைக் கெஞ்சி வாங்கி, மாமாவை அனுப்பினார். மாப்பிள்ளையும் பெற்றவர்களும் அதில் வந்துவிட்டால் எங்கள் லோரியில் கோயிலுக்குப் போய்விடலாம். சம்பான் போனது. திரும்பி வந்தபோது மாமா மட்டும் இருந்தார்.

"கிராணி வேல பாக்குற புள்ள மீன் படகுல ஏறுவானான்னு கேக்குது மாப்ளயோட அம்மா. ஆறே இந்தக் கல்யாணம் வேணாங்குதாம், சகுனம் சரியில்லையாம்."

"மாப்ள என்ன சொன்னாரு?" என்றார் அப்பா.

"வாயே தொறக்கல மச்சான்."

மேளக்காரர்கள் மேளத்தை உறைக்குள் போட்டார்கள். அக்கரை லோரி திரும்பிப் போனது. அந்தச் சத்தம் இக்கரைவரை கேட்டது.

ஆறு தடுத்த பெண் என்று அக்காவுக்குப் பெயர் வந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை. வேகாத வெயிலில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் பொறுக்கியே அவளுக்கு வயதானது. அந்தக் கிராணிக்கோ அதே வருடம் கல்யாணம் நடந்துவிட்டது.

ஆற்றின் மேல் பாலம் திறந்து பல வருடம் கழித்து அந்தக் கிராணி எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி இறந்துவிட்டாளாம். காரை வாசலில் நிறுத்தி, காப்பி குடித்துவிட்டு, "இப்பதான் பாலம் வந்துருச்சே" என்று அக்காவைப் பெண் கேட்கிற மாதிரி இழுத்தார். அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு சம்பான் வந்துச்சுல்ல?" என்றாள்.

அவர் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

இன்று ஃபெரி இல்லை. தோட்டத்தை அழித்து வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள், கோயிலையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்பா, மாமா, அக்கா எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன வருடம் அந்தக் கிராணியும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று அந்தச் சேற்றங்கரையில் எங்கள் வீட்டிலிருந்து நின்றவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். எனக்கு அவர் மேலிருந்த கோபம் துளியும் குறையவில்லை.